தலையில் ஏறிய இலை

நோபல் பரிசு பெற்றவர்களை ஆங்கிலத்தில் ‘நோபல் லாரியேட்’ என்பார்கள். 1930இல் சி.வி. ராமன், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் எல்லாரும் லாரியேட்டுகள்தான். இவ்வளவு பெரிய பட்டத்துக்குள் இருப்பது வெறும் ஒரு மரத்து இலை.

லத்தீனில் ‘லாரஸ்’ என்பது அந்த மரத்தின் பெயர்; ஆங்கிலத்தில் ‘லாரல்’. ‘லாரியாட்டஸ்’ என்றால் அதன் இலையைச் சூடியவர். நாம் ‘வாகை சூடினார்’ என்கிறோமே, அதே கதைதான். போரில் வென்றவர்கள் வாகைப்பூ சூடியது பழைய வழக்கம். இன்று கபடியில் கோப்பை வெல்லும் அணியும் வாகை சூடுகிறது. யார் தலையிலும் பூ இல்லை. இலையும் பூவும் உதிர்ந்த பிறகும் சொல் தலையை விட்டு இறங்கவில்லை.

சரி, ஏன் இந்த மரம்? கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு: அப்பல்லோ என்ற கடவுள் துரத்திவந்த டாஃப்னி என்ற பெண் லாரல் மரமாகிவிட்டாள், அந்த இலையை அவன் தனக்குரியதாக்கிக்கொண்டான். அவனுக்காக டெல்ஃபியில் நடந்த பித்திய விளையாட்டுகளில் வென்றவர்களுக்கு லாரல் வளையம். (ஒலிம்பிக்கில் தந்தது ஆலிவ் இலை; பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) கதை இருக்கட்டும், மரமும் இதற்குத் தோதானது. ஆண்டு முழுக்கப் பச்சை. இலை தோல் போலத் தடிப்பு, பறித்ததும் துவண்டுவிடாது. இளங்கிளையை வளையமாக வளைக்கலாம். கசக்கினால் மணக்கும்; அந்த மணத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற வேதிப்பொருளுடையது. நம் நீலகிரித் தைலத்தில் மூக்கைத் திறக்கும் அதே பொருள்.

பிரிஞ்சி இலை இதற்கு உறவு, ஆனால் இதுவல்ல. ஒரே குடும்பம், வேறு மரம். பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். லாரலில் நடுநரம்பு ஒன்றுதான்.

ரோமில் வெற்றி ஊர்வலம் வரும் தளபதி இதைச் சூடினார். ஜூலியஸ் சீசருக்கு எப்போதும் லாரல் சூடிக்கொள்ளும் உரிமை கிடைத்தபோது, வழுக்கையை மறைக்க வசதி என்று மகிழ்ந்தாராம். எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். 1341 ஏப்ரல் 8 அன்று அதே ரோமில் கவிஞர் பெட்ரார்க்குக்கு லாரல் சூட்டினார்கள். அந்த நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் அவரை ‘லாரியேட் கவிஞர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். 1668இல் ஜான் டிரைடன் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானார். அந்தப் பதவிக்கும் இந்தப் பெயர்தான். நோபல் இலக்கியப் பதக்கத்திலும் ஓர் இளைஞன் லாரல் மரத்தடியில் உட்கார்ந்து ‘மியூஸ்’ என்ற கலைத்தேவதை பாடுவதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பேக்கலாரியேட்’. இளங்கலைப் பட்டத்தைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கும் லாரலுக்கும் பிறவியில் சம்பந்தமில்லை. இடைக்கால லத்தீனில் ‘பக்கலாரியஸ்’ என்று இருந்தது. ‘லாரல் கனி’ என்பதற்கான லத்தீன் சொற்களும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்க, படித்தவர்கள் சிலேடையாக எழுத்தை மாற்ற, அதுவே நிலைத்துவிட்டது. இத்தாலியில் பட்டத்துக்கே ‘லாரியா’ என்று பெயர். பட்டம் வாங்கும் மாணவர்கள் நிஜமாகவே லாரல் வளையம் சூடித் தெருவில் நடக்கிறார்கள்.

அப்புறம், தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அந்தப் பெயரும் இந்த மரத்திலிருந்து வந்ததுதான். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பெயரளவிலாவது நாமும் லாரல் சூடிக்கொள்கிறோம்.