எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதயத்தில் என்ன நடக்கிறது?

உடல் பருமன் உள்ளவரின் இதயம், அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கூடுதலாக உழைக்கிறது. கொழுப்பும் உயிருள்ள திசுதான். அதற்கும் ரத்தம் வேண்டும். அதனால் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவே கூடிவிடுகிறது. அவ்வளவையும் தள்ளித் தள்ளி, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. தடித்த சுவர் சரியாகத் தளராது. தளராத அறையில் ரத்தம் எளிதாக நிரம்பாது. படி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். 'உடம்பு கனம், அதான்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ், உணவின் வழியையே மாற்றிவிடும் பைபாஸ் (இதயத்துக்குச் செய்யும் பைபாஸ் வேறு) ஆகிய இரண்டும்தான் அதிகம் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவைகள். சர்க்கரை நோய் உள்ள பலருக்கு, எடை பெரிதாகக் குறையும் முன்பே, சில நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. சாப்பாடு குறைவது ஒரு காரணம். உணவு சிறுகுடலை வேகமாக அடைவதால், இன்சுலின் சுரக்கத் தூண்டும் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் அதிகம் சுரப்பது இன்னொன்று. அப்புறம், மாதங்கள் போகப் போக, பலருக்கு ரத்த அழுத்தம் குறைகிறது, இதயச் சுவரின் தடிப்பு இறங்குகிறது, இதயத்தின் மேல் படிந்த கொழுப்பும் குறைகிறது. இந்தக் கொழுப்பு முக்கியமானது. அதற்கும் இதயத் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. அதில் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நேராகத் தசையைப் போய்ச் சேரும்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் வழக்கமான சிகிச்சையில் இருந்த 2,037 பேரையும் பல ஆண்டுகள் கவனித்தது. 2012-ல் வெளியான முடிவின்படி, இதய ரத்தநாள நோயால் இறந்தவர்கள் முதல் குழுவில் 28, இரண்டாவதில் 49. அறுவை வேண்டுமா என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்ததால் இதை மட்டும் முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. யாருக்குப் பலன் அதிகம் என்பதைத் தொடக்கத்தில் இருந்த பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் எண்) காட்டவில்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகம் இருந்தவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. பிஎம்ஐ எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது என்றே நினைக்கிறேன்.

அறுவைக்குப் பிறகு ரத்த அழுத்த மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் தலைசுற்றல் வரலாம். அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். விடாமல் வாந்தி இருந்தால் வைட்டமின் பி1 குறைந்துவிடும். உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் நரம்புகளோடு இதயமும் பலவீனமாகும். அதனால் வாந்தி தானாக நிற்கட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.