பத்மினியில் பழகிய கால், டிசையரில் என்ன செய்யும்?

வாசலில் அப்பா காலத்து பிரீமியர் பத்மினியும் புது டிசையரும் சேர்ந்து நிற்கும் வீடுகளுக்காக இது. மைலேஜையும் விலையையும் வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒன்றில் பழகிய கையும் காலும் மற்றதில் என்ன தப்பு செய்யும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பிரேக். பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் ட்ரம் என்ற உருளையின் உள்பக்கத்தை, லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டிய ஷூ அழுத்திப் பிடிக்கும். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் ட்ரம் சூடேறி விரியும், ஷூவுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மழையில்லாத நாளில் டயரின் உள்பக்கம் ஈரமாகத் தெரிந்தால் வீல் சிலிண்டர் கப்பை, அதாவது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். ஒரே பிரேக் லைன் உள்ள பழைய வண்டியில் ஒரு கப் போனால் நான்கு பிரேக்கும் போச்சு.

வழுக்கும் சாலையில் பத்மினிக்காரர் விட்டு விட்டு மிதிப்பார். சக்கரம் லாக் ஆகாமலிருக்க அங்கே அதுதான் சரி. டிசையரில் அந்த வேலையை, சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். அமைப்பு நொடிக்குப் பல முறை தானே செய்கிறது; நீங்களும் விட்டு விட்டு மிதித்தால் வண்டி நிற்கும் தூரம்தான் கூடும். ஓங்கி மிதித்து அப்படியே பிடியுங்கள். பெடல் கடகடவென்று அதிரும். கோளாறோ என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறக்கத்தில் உருட்டும் பழக்கம் எந்த வண்டிக்கும் ஆகாது. டிசையரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில், இன்ஜின் தரும் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

அடுத்தது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். டிசையரின் கணினி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்திக்கொள்ளும். பத்மினியில் அந்தக் கலவையைச் செய்யும் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று கூடி மிஸ் அடிக்கும், இழுவை குறையும். பழைய ரப்பர் ஹோஸும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும் ஊறி விரிசல் விடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கடைசியாக ஒரு பழைய பட்டறை வித்தை: வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பது. டிசையரில் இதைச் செய்தால் வோல்டேஜ் எகிறி, இன்ஜினை இயக்கும் கணினியான இ.சி.யூ.வே போய்விடலாம். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருந்தால் போதும்.