எமோஜி: உணர்ச்சிக்குறி அல்ல, படவெழுத்து

ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தத் தலைப்பு கண்ணில் பட்டுவிடுகிறது: 'புதிய உணர்ச்சிக்குறிகள் அறிமுகம்'. செய்திக்குள் போய்ப் பார்த்தால் மரம், கொடி, கருவி, காய்கறி என்று ஒரு பட்டியல் இருக்கும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகத் தரமான யூனிகோடின், 2024 செப்டம்பரில் வெளியான 16.0 பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் புதிதாக வந்த எமோஜிகள் எட்டு: கண்ணுக்குக் கீழே வீங்கிக் களைத்த முகம், கைரேகை, இலையில்லாத மரம், கிழங்கு, யாழ் போன்ற நரம்புக் கருவி, மண்வாரி, தெறித்த சாயம், சார்க் தீவின் கொடி. எட்டில் முகம் ஒன்றே ஒன்றுதான். மண்வாரி எந்த உணர்ச்சியைக் குறிக்கிறது? கைரேகை எதை? 'உணர்ச்சிக்குறி' என்று எழுதியவருக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஐயம் வந்திருக்க வேண்டும்.

சொல்லின் வரலாறு சிக்கலானது இல்லை. எமோஜி ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. இரண்டும் சேர்ந்து படவெழுத்து. ஜே-ஃபோன் நிறுவனம் 1997இல் ஒரு கைப்பேசியில் 90 படங்களைத் தந்தது. 1999இல் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரீதா 176 படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கியது. 2010இல் யூனிகோடு 6.0 நூற்றுக்கணக்கான எமோஜிகளைத் தரத்துக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவின. பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

'உணர்ச்சி' எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் 'எமோட்டிகான்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது உண்மையிலேயே உணர்ச்சி, சின்னம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்தது. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனை சொன்னார்: வேடிக்கையாக எழுதியதை மற்றவர்கள் அப்படியே நம்பிவிடாமல் இருக்க, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுச் சாய்ந்த சிரிப்பு முகம் ஒன்றைக் காட்டலாம் என்று. அந்த வகைக் குறிகளுக்குத்தான் எமோட்டிகான் என்று பெயர். எமோஜியின் முன்னொலியும் எமோட்டிகானின் முன்னொலியும் ஒத்துப்போவது முழுக்கத் தற்செயல். ஒன்று ஜப்பானியம், மற்றது லத்தீன் வழி வந்தது. காது ஏமாந்தது, மொழிபெயர்ப்பும் ஏமாந்துவிட்டது.

ஜப்பானியர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. நிறுத்தற்குறிகளை அடுக்கிச் செய்யும் முகத்துக்கு அவர்கள் 'காவோமோஜி' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். 'காவோ' என்றால் முகம். முகவெழுத்து வேறு, படவெழுத்து வேறு என்று அவர்கள் தெளிவாகப் பிரித்ததை நாம் ஒரே பெயரில் போட்டுக் கலக்கிவைத்திருக்கிறோம்.

இன்னொரு பெரிய சிக்கல், உணர்ச்சிக்குறி என்ற சொல் தமிழில் காலியாக இல்லை. பள்ளிப் பாடத்தில் நிறுத்தற்குறிகளைப் படித்த எவருக்கும் அது தெரியும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, அப்புறம் உணர்ச்சிக்குறி. வியப்புக்குறி என்றும் சொல்வோம். 'ஆகா', 'ஐயோ' என்பவற்றுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் செங்குத்துக் கோடும் புள்ளியும்தான் உணர்ச்சிக்குறி. 'அவர் மூன்று உணர்ச்சிக்குறிகளை மட்டும் பதிலாக அனுப்பினார்' என்று ஒரு செய்தியில் படித்தால் நான் என்ன புரிந்துகொள்வது? மூன்று வியப்புக்குறிகளா, மூன்று சிரிக்கும் முகங்களா, மூன்று தீச்சுடர்களா? ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒரு கலைச்சொல்லைப் பிடுங்கி வேறொரு பொருளுக்குக் கொடுப்பது, அதிலும் இரண்டுமே எழுத்தோடு எழுத்தாக வருகிற இடத்தில் கொடுப்பது, படிப்பவரைச் சிரமப்படுத்துகிற காரியம்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. 'மண்வாரி உணர்ச்சி இல்லைதான், ஆனால் அனுப்புகிறவர் ஏதோ ஓர் உணர்ச்சியோடுதானே அனுப்புகிறார்?' என்பார்கள். ஒரு பாடல் வெளியானதும் ரசிகர்கள் தீச்சுடர்களை வரிசையாகப் போடுகிறார்கள், அது உற்சாகம்தானே என்பார்கள். சரி, உற்சாகம்தான். ஆனால் 'அருமை' என்று எழுதினாலும் அதே உற்சாகம்தான். அதனால் 'அருமை' என்ற சொல்லை உணர்ச்சிக்குறி என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது ஒன்று, அது என்ன என்பது வேறொன்று. விளையாட்டு வீரர்களையும் நடிகர்களையும் புகழ்ந்து ஆட்டின் படத்தைப் போடுகிறார்களே, அதைப் பாருங்கள். 'எல்லாக் காலத்துக்கும் மேலானவர்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வருகிறது. அதனால்தான் ஆடு. இது உணர்ச்சி இல்லை, எழுத்துச் சுருக்கத்தை வைத்து ஆடும் விளையாட்டு. எமோஜி எழுத்தாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதோடு விமானம், நாள்காட்டி, அம்புக்குறி, சரி என்ற டிக், ராசிச் சின்னங்கள் எல்லாம் இருக்கின்றன. குரீதாவின் முதல் தொகுப்பிலேயே வானிலையும் போக்குவரத்தும் ராசிகளும்தான் நிறைய. முகங்கள் மிகச் சில.

இப்போது 'எழுத்து' என்ற பாதிக்கு வருவோம். இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். எமோஜி ஓர் ஒட்டுப்படம் (ஸ்டிக்கர்) இல்லை. தமிழ் எழுத்துகள் 1991இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே இடம்பெற்றன. அந்த அட்டவணையில் 'அ'வுக்கு ஓர் எண் இருப்பது போலவே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் முகத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. நாம் அனுப்புவது படத்தை இல்லை, அந்த எண்ணை. பெறுகிறவரின் கருவி தன்னிடம் இருக்கும் எழுத்துருவிலிருந்து அதற்கான வடிவத்தைக் காட்டுகிறது. அதனால்தான் ஒரே எமோஜி ஒரு கைப்பேசியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தெரிகிறது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் துப்பாக்கியின் வடிவத்தைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. 2018இல் மற்றப் பெரிய நிறுவனங்களும் அப்படியே மாற்றின. எண் மாறவில்லை, வடிவம் மட்டும் மாறியது. 2017 அக்டோபரில் கூகுளின் பர்கர் எமோஜியில் பாலாடைக்கட்டி இறைச்சிக்குக் கீழே இருக்கிறது என்று இணையத்தில் பெரிய விவாதம் கிளம்பி, மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதைக் கவனிப்பதாகச் சுந்தர் பிச்சையே பதிவிட்டார். அதுவும் எழுத்துருத் திருத்தம்தான்.

கூட்டுச்சேர்க்கையும் எழுத்துக்கு உரியது. 'கொ' என்பது யூனிகோடில் 'க' என்ற எழுத்து, அதன் பின்னால் ஒகரக் குறி என இரண்டு எண்கள். 2015இல் வந்த தோல்நிற வேறுபாடும் இப்படியே செய்யப்பட்டது: கையசைக்கும் கைக்கு ஓர் எண், அதன் பின்னால் நிறத்துக்கு ஓர் எண். அப்பா, அம்மா, குழந்தை கொண்ட குடும்பப் படம் தனித்தனி முகங்களைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பியால் கோத்தது. பழைய கருவியில் அது பிரிந்து தனித்தனியாகத் தெரியும், க்ஷ சில இடங்களில் புள்ளியோடு பிரிந்து தெரிவது போல. இவ்வளவுக்கும் பிறகு இதை 'எழுத்து' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எழுத்து என்றால் ஒலியைக் குறிப்பது, படம் எப்படி எழுத்தாகும் என்று கேட்கிறவர்களும் உண்டு. தமிழில் எழுதுதல் என்றாலே முதலில் தீட்டுதல்தான். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்கிறது 1285ஆம் குறள். அங்கே எழுதுவது கண்ணுக்கு மை. 1127ஆம் குறளில் தலைவி 'கண்ணும் எழுதேம்' என்கிறாள். காதலர் கண்ணுக்குள் இருப்பதால், மை தீட்டினால் அவர் மறைந்துவிடுவார் என்ற அச்சம். வரைதலும் எழுதுதலும் ஒரே வினையாக இருந்த மொழியில் படவெழுத்து என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இந்த இடத்தில் உருவெழுத்து என்ற போட்டியாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் மேல் எனக்கு நிரம்ப மதிப்பு உண்டு. யாப்பருங்கல விருத்தி என்ற பழைய யாப்பிலக்கண உரையில் 'வழுவில் ஓவியன் கைவினை போல, எழுதப் படுவது உருவெழுத் தாகும்' என்று வருகிறது. ஓவியன் கைவண்ணம் போல, கண்ட உருவத்தை அப்படியே காட்டுவது உருவெழுத்து. எமோஜிக்கு எழுதிய வரையறை போலவே இருக்கிறது. பழமை, அழகு, பொருத்தம் மூன்றும் அதற்கு உண்டு. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்தின் அச்சு வடிவத்துக்கு 'எழுத்துரு' என்ற சொல் கணினித் தமிழில் வேரூன்றிவிட்டது. 'இந்த எழுத்துருவில் அந்த உருவெழுத்து இல்லை' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். இரண்டு சொற்களும் ஒன்றையொன்று புரட்டிப்போட்டது போல நிற்கின்றன. பேச்சில் நிச்சயம் இடம் மாறிவிடும். தூய்மையும் தெளிவும் மோதும்போது நான் தெளிவின் பக்கம். இங்கே அந்த மோதல்கூட இல்லை. இரண்டுமே தமிழாக இருக்கையில், குழப்பாத தமிழை எடுத்துக்கொள்வோம்.

'உணர்ச்சித்திரம்' என்றொரு ஆக்கமும் உலவுகிறது. உணர்வும் சித்திரமும் கலந்த அழகான சொல்தான், ஆனால் அது எமோட்டிகானுக்கு உரியது. தமிழ் வலைப்பதிவுகள் செழித்த நாள்களில் ஸ்மைலிக்குச் 'சிரிப்பான்' என்று எழுதினார்கள். அது இன்றைக்கும் எனக்குப் பிடித்த சொல். சொன்னவுடன் புரிகிறது, நாக்கில் உருள்கிறது. சிரிக்கும் முகத்துக்கு மட்டும் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழாக்கமே வேண்டாம், எமோஜி என்றே எழுதுகிறேன் என்பவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். எழுதும்போது எமோஜி என்றே எழுதுங்கள். இமோஜி, ஈமோஜி எல்லாம் ஆங்கில வாய் வழியாக வந்தவை. ஜப்பானிய ஒலி நம் எகரம்தான், அதை எழுத நமக்கு எழுத்தும் இருக்கிறது.

என் கவலை இந்த ஒரு சொல்லைப் பற்றியது மட்டும் இல்லை. தொழில்நுட்பச் சொற்களைத் தமிழாக்குகிறவர்கள் பலர் பொருளைப் பார்ப்பதே இல்லை, ஆங்கில ஒலியைக் கேட்டு ஊகிக்கிறார்கள். இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்புக்குப் புலனம், யூடியூப்புக்கு வலையொளி, இன்ஸ்டாகிராமுக்குப் படவரி என்று பட்டியல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவை நிறுவனங்களின் வணிகப் பெயர்கள். நாளைக்கு உரிமையாளர் பெயரை மாற்றினால் நாமும் மாற்றுவோமா? 2023இல் ட்விட்டர் எக்ஸ் ஆனதே. பெயர்களை மொழிபெயர்க்கும் அந்த உழைப்பில் பாதியைப் பொதுச்சொற்களுக்குச் செலவிட்டிருந்தால், எமோஜிக்கும் ஒட்டுப்படத்துக்கும் அசைபடத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் இந்நேரம் நிலைபெற்றிருக்கும். இப்போது மூன்றையும் உணர்ச்சிக்குறி என்றே எழுதுகிறார்கள். ஸ்டிக்கர் ஒரு படக்கோப்பு. ஜிஃப் பல படச்சட்டங்கள் கொண்ட, அசைகிற கோப்பு. எமோஜி மட்டும்தான் எழுத்தோடு எழுத்தாக வரிக்குள் உட்காருவது, நகலெடுத்தால் கூடவே வருவது, எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் கூடவே பெரிதாவது. படவெழுத்து என்று சொன்னால் இந்த வேறுபாடு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

பயன்பாட்டுக்கு ஒரு குறிப்பு: படம், எழுத்து இரண்டும் புணரும்போது மகரம் கெட்டு வகரம் வரும். ஆகவே படவெழுத்து, பன்மையில் படவெழுத்துகள். விசைப்பலகையில் அவை இருக்கும் பகுதிக்குப் படவெழுத்துப் பலகை. 'பட எழுத்து' என்று பிரித்து எழுதினால் திரைப்படத் தலைப்பின் எழுத்து என்று யாராவது படித்துவிடக்கூடும், அதனால் சேர்த்தே எழுதுங்கள். பழங்கால எகிப்தியர் எழுத்தையும் சிலர் இப்படிச் சொல்கிறார்களே என்றால், ஜப்பானிய மொழியிலும் பழைய சித்திர எழுத்துக்கு எமோஜி என்ற சொல் உண்டு. இடத்தைப் பார்த்து அவர்கள் புரிந்துகொள்கிறார்கள், நமக்கும் அது முடியும்.