முறிந்த வில்லும் முழு இழுப்பு அவசரமும்

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் போதும், முறிந்த வில்லோடு பட்டறைக்கு வரும் பையன்களுக்குக் குறைவில்லை. இந்தத் தடவை ஒருவனுக்குப் புருவத்தில் தையல். கேட்டால் "மரம் சரியில்லை மாமா" என்கிறார்கள். முறிந்தது நல்ல கொய்யாக் கம்பு, அதன்மேல் பழி போடாதீர்கள். வளைவு சீராகும் முன்பே முழுதாக இழுத்ததுதான் தவறு.

"இழுத்து இழுத்துப் பழக்கினால் வில் வளைந்து கொடுக்கும்." இந்த நினைப்பை யார் கிளப்பி விட்டார்களோ! மரம் பழகாது. எந்த இடம் மெலிந்திருக்கிறதோ, வளைவு முழுவதும் அங்கே போய்க் குவியும். விறைத்த இடம் அசையவே அசையாது. நீங்கள் இழுக்க இழுக்க மெலிந்த இடமே அடி வாங்கும். இழுப்பவனைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்க நார் நசுங்கி வில் கூனிப்போகும், அல்லது வெளிப்பக்கமான முதுகு சிலாம்பாகப் பிளக்கும். வளைவில் கோளாறு தெரிந்த இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு அங்குலமும் இழுக்கக் கூடாது. சீவிய பிறகு இருபது தடவை கொஞ்சமாக இழுத்து மெல்லத் தளர்த்துகிறோமே, அது சீவியதன் பலன் வளைவில் தெரிவதற்காக. அதையும் இதையும் குழப்பாதீர்கள்.

இன்னொரு கூத்து, அதிகம் வளையும் இடத்தையே சீவுவது. சீவ வேண்டியது வளையாத இடத்தை. அதுவும் வயிற்றுப் பக்கம் மட்டும். பட்டை உரித்த முதுகில் உளி, அரம் எதுவும் படக் கூடாது. அங்கே ஒரு நார் அறுந்தாலும் வெடிப்பு அதிலிருந்துதான் கிளம்பும். கடைசிக் கட்டத்தில் சீவுளியை வைத்துவிட்டு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுங்கள். 12 மில்லிமீற்றர் தடிப்பு 11 ஆனாலே விறைப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும்.

முதலில் இழுபடாத நீளக் கயிற்றைத் தொய்வாகப் பூட்டுங்கள். நைலோன் வேண்டாம். வில்லின் நடுவைச் சுவரில் அடித்த கட்டையில் இருத்தி, கயிற்றைக் கீழே கப்பி வழியாகக் கொண்டுவந்து, ஆறேழு அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று இழுங்கள். முறிந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றைக் கயிற்றில் மாட்டினால் பாரமும் தெரியும். 25 றாத்தல் வில் வேண்டுமென்றால், அதாவது சுமார் 11 கிலோ, எந்தக் கட்டத்திலும் அந்தப் பாரத்தைத் தாண்டாதீர்கள். பத்து அங்குலத்திலேயே 11 கிலோ வந்துவிட்டதா? இறக்கிவிட்டு வில்லின் இரண்டு கையையும், அதாவது நடுவுக்கு இருபுறமும் வளையும் பகுதிகளை, சமமாகச் சீவுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்த பிறகுதான் நாணைக் குட்டையாக்கிப் பூட்டுவது. வில்லின் நடுவுக்கும் நாணுக்கும் இடையில் முதலில் மூன்று அங்குல உயரம், பிறகு ஆறு.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 28 அங்குலம் இழுக்கிறவனுக்கு 66 அங்குல வில்லாவது வேண்டும். மாசியில் காமன் கூத்துக்குச் செய்யும் வில்லின் அளவைக் கொண்டுவராதீர்கள், மன்மதன் வில்லை யாரும் முழுதாக இழுக்கப் போவதில்லை.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் பச்சைக் கம்பு இலேசில் காயாது. வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசி, நிழலில், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம்.

அம்பில்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று கைவிடாதீர்கள். இரவில் நாணைக் கழற்றி வையுங்கள். வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடு தெரிந்தால் அந்த வில்லின் கதை முடிந்தது. தயவுசெய்து அதன்மேல் நூலைச் சுற்றி மறைத்து, சின்னத் தம்பி கையில் கொடுத்துவிடாதீர்கள்.