குல்லாவை உட்புறம் திருப்பிப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்குப் பரிசாக ஒரு குல்லாவோ சாக்ஸோ பின்னி முடித்திருக்கிறீர்களா? வண்ணத்தாளில் சுற்றும் முன் அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, உங்கள் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவிப் பாருங்கள். விரலில் ஏதாவது இழை மாட்டுகிறதென்றால் அந்தப் பரிசு இன்னும் முடியவில்லை.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர் நான். கோவையில் எங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் உல்லன் கடை இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே சில பெண்கள் கூடிப் பின்னுகிறார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் புதியவர்களுக்குக் கண்ணி ஏற்றச் சொல்லிக்கொடுப்பார். ஐ.டி. வேலையில் இருக்கும் பெண் வாரம் முழுக்க இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் காத்திருப்பதாகச் சொல்வார். அவர்கள் பின்னும் குல்லாக்கள் எங்கள் வார்டுக்கு வருவதால் நானும் அவ்வப்போது போய் உட்கார்வதுண்டு. எனக்குப் பின்னத் தெரியாது. அங்கே நான் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு மாதக் குழந்தை ஓயாமல் அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஓமத் தண்ணீரும் கொடுத்தாயிற்று (அதை ஏன் கொடுக்கக் கூடாது என்பது வேறு கட்டுரை). பாட்டி "உரம் விழுந்திருக்கும்" என்கிறார். மருத்துவமனைக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ஒரு கால்விரல் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது. அதன் அடியில் சுற்றியிருப்பது ஓர் ஒற்றை நூலிழை. இழை சுற்றியதும் முதலில் விரலிலிருந்து திரும்பும் ரத்தமும் நிணநீரும் தடைப்படுகின்றன, விரல் வீங்குகிறது, வீங்க வீங்க இழை இறுகுகிறது, கடைசியில் உள்ளே வரும் ரத்தமும் நின்றுபோகிறது. கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரிடும். பல நேரங்களில் இழை தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது.

கைவிரலில் இது நேர்ந்தால் கையுறையின் உள்நூலைச் சந்தேகிப்போம். கால்விரலில் சாக்ஸின் நூலாகவும் இருக்கலாம், அம்மாவின் தலைமுடியாகவும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் முடி அதிகம் கொட்டும் அல்லவா? வீட்டில் கத்தியும் கத்தரிக்கோலும் எடுத்து முயலாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். முடி நீக்கும் கிரீம் தடவினால் போதும் என்று யாராவது சொன்னால், அது முடியைத்தான் கரைக்கும், பருத்தி நூலையோ அக்ரிலிக் என்ற செயற்கை நூலையோ கரைக்காது. கையிலும் காலிலும் கட்டும் கருப்புக் கயிறும் குழந்தை வளர வளர இறுகும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அடிக்கடி தளர்த்துங்கள்.

ஆகவே கையுறை பின்ன வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். குல்லா, சாக்ஸ், கையுறை என்று செட்டாகக் கொடுப்பது அழகுதான். ஆனால் குழந்தை பசியை முதலில் காட்டுவது கையை வாய்க்குக் கொண்டுபோய்த்தான். அந்தக் கையை மூடுவானேன்? நகம் கீறுமென்றால் நகத்தை வெட்டலாம். சாக்ஸில் ஓட்டை ஓட்டையான லேஸ் பின்னல் வேண்டாம், விரல் வெளியே வந்து மாட்டும். இரண்டு வண்ணப் பூவேலையில் உட்புறம் நூல் நீளநீளமாகத் தொங்கும். குட்டி விரலைச் சிக்கவைக்கும் பொறிதான் அவ்வளவும். நூல் முனையை முடிச்சுப் போட்டு வெட்டிவிடாமல், திசை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை கோத்து மறைக்க வேண்டும். அக்ரிலிக் வழுக்கும் நூல், நான்கு சலவையில் முனை வெளியே எட்டிப் பார்க்கும். கழுத்தில் கட்டும் நாடா, தைத்த பொத்தான், உச்சியில் பஞ்சுப் பந்து எதுவும் வேண்டாம்.

கடையில் பாதி நேரம் நூலைப் பற்றிய வாக்குவாதமே நடக்கும். லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக்கில் வண்ணம் ஏராளம், விலை குறைவு, துவைக்க எளிது. வியர்வையை அது உறிஞ்சாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் வீடுகள் நம் ஊரில் இன்னும் உண்டு. கங்குக்கு மேலே அக்ரிலிக் சட்டை போட்ட குழந்தையைப் பிடிப்பதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. (அந்தப் புகையே குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.) ஆட்டுக் கம்பளியில் இழையின் பருமனைக் கவனிக்க வேண்டும்: 20 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த மெரினோ என்ற மென்கம்பளி குத்தாது, 30ஐத் தாண்டினால் அரிக்கும். வெந்நீரில் துவைத்தால் சாதாரணக் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். 'மில்க் காட்டன்' என்ற பெயரில் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், லேபிளைப் படித்து வாங்குங்கள். ரோமம் உதிரும் மொஹேர் என்ற வெள்ளாட்டு ரோம நூலும் பூனைக்குட்டி போன்ற பஞ்சு நூலும் குழந்தையின் மூக்கருகே வரவே கூடாது. சமவெளியில் பிறக்கும் குழந்தைக்கு மென்மையான பருத்தி போதும். ஊட்டி, கோத்தகிரிக்குப் போகும் குழந்தைக்கு மெரினோ கொடுக்கலாம்.

குல்லா தேவைதானா என்று கேட்பவர்களும் உண்டு. பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு, உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது. வெப்பம் அந்த வழியே போய்விடும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு பராமரிப்பில் குழந்தை அம்மாவின் மார்போடு ஒட்டியிருக்கும்போது அதன் உடம்பில் இருப்பது டயப்பரும் குல்லாவும் சாக்ஸும் மட்டுமே. அங்கே நீங்கள் பின்னும் குல்லா மருத்துவக் கருவிதான். வீட்டுக்குப் போன பிறகு கதை வேறு. நிறைமாதக் குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். கோவையின் ஏப்ரல் வெயிலில் அது வெப்பத்தைக் கூட்டும், நழுவி முகத்தையும் மூடும்.

டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) ஆக்டோபஸ் பொம்மையைப் பின்னித் தரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதன் கைகள் தொப்புள்கொடி போலிருப்பதால் குழந்தை அமைதியாகிறது என்பது கேட்க இனிமையாக இருக்கிறது, அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கிருமித்தொற்று அச்சத்தால் பல மருத்துவமனைகள் ஏற்பதில்லை. எங்கள் பிரிவும் ஏற்பதில்லை. போர்வையும் வேண்டாம்; தூங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது. 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை படைத்த பெண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரியவர்களுக்குப் போர்வை எப்போதும் தேவை!

எங்களுக்கு வேண்டியது அளவு. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று 33 முதல் 35 சென்டிமீட்டர். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 28. குல்லா அதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவாகவும் விளிம்பு இழுத்தால் விரியும் ரிப் பின்னலாகவும் இருந்தால் நழுவாது, இறுக்காது. கடைக்கு வரும் குல்லாக்கள் பெரும்பாலும் ஆறு மாதக் குழந்தைக்குப் பொருந்துகின்றன; சின்ன அளவுதான் எப்போதும் பற்றாக்குறை. பின்னத் தொடங்கும் முன் உங்கள் ஊர் மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுச் செவிலியரிடம் எந்த அளவு, எந்த நூல் என்று கேளுங்கள். 60 டிகிரி வெந்நீர்ச் சலவையைத் தாங்கும் பருத்தியையே அவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். துவைத்து, உலர்த்தி, சீல் செய்த பையில் போட்டு, வெளியே அளவையும் நூலின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.