உரலில் இடித்த சோறு ஏன் இழுபடுகிறது?

“ஜப்பானியரின் இழுபடும் அரிசிப் பலகாரமான மோச்சி செய்யும் மாவுப் பாக்கெட்டில் ‘குளூட்டினஸ் ரைஸ்’ என்று போட்டிருக்கிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத என் மகளுக்கு அதைக் கொடுக்கலாமா? குளூட்டன் இல்லையென்றால் அது எப்படி அப்படி இழுபடுகிறது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கோதுமை மாவை இழுபட வைக்கும் புரதம்தான் குளூட்டன். எந்த அரிசியிலும் அது கிடையாது. ‘குளூட்டினஸ்’ என்ற பெயருக்கு ‘பசை போன்றது’ என்றுதான் பொருள். வேறு மாவு கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுபடுவதற்குக் காரணம் மாவுச்சத்து. அது குளுக்கோஸ் கோத்த சங்கிலி என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் இரண்டு வகை: அமைலோஸ் நீளமான நூல், அமைலோபெக்டின் கிளைவிட்டுப் படர்ந்த பெரிய புதர். ஜப்பானியர் தினமும் உண்ணும் அரிசியின் மாவுச்சத்தில் நூல் சுமார் 15 முதல் 20 சதவீதம். மோச்சிகோமே என்னும் மோச்சி அரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை. நூலைக் கட்டும் நொதிக்கான மரபணுவில் 23 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இரண்டு முறை பதிவாகிவிட்டதால், செல்லால் அந்தக் குறிப்பைச் சரியாக வாசித்து முடிக்க முடிவதில்லை. நொதி இல்லை, நூலும் இல்லை. அயோடின் சொட்டினால் சாதா அரிசி நீலக்கருப்பாகும், மோச்சி அரிசி செம்பழுப்பாகும்.

சரி, ஏன் இடிக்க வேண்டும்? இரவெல்லாம் ஊறிய அரிசியை ஆவியில் வேகவைத்து, உசு என்னும் உரலில் கொட்டி, கினே என்னும் மரச்சம்மட்டியால் அடிப்பார்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே இன்னொருவர் ஈரக்கையால் புரட்டிவிடுவார். வேகும்போதே மாவுச்சத்து நீர் குடித்து நெகிழ்ந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத்தான் நிற்கும். அடி விழ விழப் பருக்கைகள் சிதைந்து, புதர்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. இழுத்தால் கிளைகள் வழுக்கி நீள்கின்றன, சட்டென்று அறுவதில்லை. சாதாச் சோற்றில் நூல்கள் ஆறியவுடன் வரிசைகட்டி விறைத்த வலையாகிவிடும். அதை எவ்வளவு இடித்தாலும் இந்த நீட்சி வராது.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். ஒரு நாள் வைத்தால் மோச்சி இறுகும். புத்தாண்டுக்கு இரண்டடுக்காக வைக்கும் ககாமி மோச்சி, பல ஊர்களில் ஜனவரி 11 அன்று உடைப்பதற்குள் காய்ந்து கல்லாகிவிடும், சுத்தியல்தான் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இதே வேலைதான்: கிளைகள் மெல்ல அருகருகே படிந்து படிகமாகின்றன. ஆனால் புதர்ப் படிகம் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நூல்களின் படிகத்துக்கு 100 டிகிரியும் போதாது. மோச்சியில் நூலே இல்லையே! அதனால்தான் இறுகிய துண்டை அனலில் காட்டினால் முழுதாக இளகி, உள்ளே ஆவி திரண்டு பூரி போல உப்புகிறது. ஒரு மரபணுப் பிழை இப்படி ஒரு பலகாரமாகியிருக்கிறது.

கிளையின் நீளமும் முக்கியம். ஜப்பானின் வடகோடியில் உள்ள குளிர்ந்த ஹொக்கைடோவில் விளையும் மோச்சி அரிசியில் கிளைகள் குட்டையானவை, மெதுவாக இறுகும். உள்ளே பயறு விழுது வைத்த டைஃபுகு போன்ற இனிப்புகளுக்கு அது தோதானது. சர்க்கரை சேர்ப்பதும் இறுக்கத்தைத் தள்ளிப்போடும். தென்மேற்கே உள்ள வெப்பமான சாகாவில் விளைவது சீக்கிரம் இறுகும். வெட்டிக் காயவைத்துப் பொரிக்கும் அராரே தின்பண்டத்துக்கு அதுதான் வசதி. இந்த வேறுபாடுகளை அறிய, கதிர் முற்றும்போது அடிக்கும் வெயிலையும் கிளையின் நீளத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட பொறுமையான ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க எந்த அரசும் தயங்கக் கூடாது என்பது என் கருத்து.

ககாமி மோச்சியில் கத்தி படக்கூடாது என்பது பழைய நம்பிக்கை, அதை மதிக்கலாம். ஆனால் ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் தொண்டையில் மோச்சி அடைத்து முதியவர்கள் இறக்கிறார்கள். டோக்கியோ தீயணைப்புத் துறை சிறு துண்டுகளாக வெட்டிச் சாப்பிடச் சொல்லி எச்சரிக்கிறது. உங்கள் வீட்டில் மோச்சி செய்தால், பெரியவர்கள் தட்டில் வைக்கும் முன் அவசியம் நறுக்கிவிடுங்கள்.