பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்கு 240 நாள் விடுப்பு, கூடுதல் 2 ஆண்டு: விதியும் விண்ணப்பமும்

பிஎச்.டி. பதிவு செய்த பெண் பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பு எடுக்கலாம், ஆய்வை முடிக்கக் கூடுதல் காலம் கேட்கலாம், ஊர் மாறினால் அதுவரை செய்த ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பர் 7-இல் அறிவிக்கை செய்த பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகளில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே கேட்டால்தான் கிடைக்கும். விடுப்பும் கூடுதல் காலமும் ‘வழங்கப்படலாம்’ என்றுதான் விதியில் இருக்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று இல்லை. எழுதிக் கொடுக்காதவருக்கு அலுவலகம் தானாக எதையும் செய்து தராது.

முதலில் காலக் கணக்கு. குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இன்னும் 2 ஆண்டு பெறலாம். இது எல்லோருக்கும் பொது. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளோருக்கும் இதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு தரலாம். எப்படிப் போனாலும் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. 2023 ஆகஸ்ட் 1-இல் சேர்ந்தவருக்கு 2029 ஜூலை 31-இல் 6 ஆண்டு முடிகிறது. மறுபதிவு செய்தால் 2031 ஜூலை 31 வரை, தளர்வும் கிடைத்தால் 2033 ஜூலை 31 வரை.

நிறையப் பேர் சறுக்குவது மறுபதிவில்தான். 6 ஆண்டு முடிந்தபின் போய் நின்றால் ‘பதிவு காலாவதி’ என்ற பதில்தான் வரும். கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே மறுபதிவுக்கான படிவம், கட்டணம், கடைசித் தேதி மூன்றையும் ஆய்வுப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 2022 விதிகள் அறிவிக்கப்படும் முன்பு சேர்ந்தவர்களுக்குப் பழைய விதிகள்தான் பொருந்தும். 2016 விதிகளின் கீழ் வருபவருக்கு 6 ஆண்டும் அதற்கு மேல் பெண்களுக்கான 2 ஆண்டும்தான். அவர் 10 ஆண்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

அடுத்தது விடுப்பு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு இரண்டுக்கும் சேர்த்து, ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாள் வரை. ஒரு குழந்தைக்கு 240 என்று இல்லை. முதல் பேற்றுக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலோ இரண்டாவது பேற்றுக்கோ மிச்சம் இருக்காது. 180 எடுத்து 60-ஐ ஒதுக்கி வைப்பது நல்லது என்பேன்.

விண்ணப்பம் நெறியாளர் (கைடு) வழியாக, துறைத்தலைவர் பரிந்துரையோடு, ஆய்வுப் பிரிவுக்கோ பதிவாளருக்கோ போக வேண்டும். ‘கைடிடம் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார்’ என்பது விடுப்பு ஆகாது. நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டால், அவர் சரி என்றதற்குச் சாட்சி யார்? கடிதத்தில் விதியும் தேதியும் வெளிப்படையாக இருக்கட்டும்:

‘யு.ஜி.சி. பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகள் 2022, பிரிவு 4-இன்படி, 02.03.2026 முதல் 28.08.2026 வரை 180 நாட்கள் மகப்பேறு விடுப்பு வழங்க வேண்டுகிறேன். மீதமுள்ள 60 நாட்களைப் பின்னர் பயன்படுத்த அனுமதி கோருகிறேன். விடுப்புக் காலத்தில் வரும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தை நான் திரும்பிய பின் நடத்தித் தரவும் வேண்டுகிறேன்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழு முன் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. விடுப்பில் இருந்தபோது ஒரு கூட்டம் தவறிப்போய், கோப்பில் ‘வரவில்லை’ என்று மட்டும் பதிந்துவிட்டால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் அது தலைவலியாகும். மருத்துவச் சான்றை இணையுங்கள். நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விடுப்பு ஆணை கையில் வந்ததும் ஒன்றைப் பாருங்கள்: அந்த நாட்கள் 6 ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றனவா, இல்லையா? யு.ஜி.சி. விதி இதை விளக்கிச் சொல்லவில்லை. ஆணையிலும் இல்லை என்றால் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

உதவித்தொகை தனிக் கணக்கு. யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000 ரூபாய், இரண்டும் சேர்த்து 5 ஆண்டுதான். பதிவை 10 ஆண்டுக்கு நீட்டினாலும் பணம் அதோடு நீளாது. மகப்பேறு விடுப்பில் தொகை தொடர்வதற்கு, பல்கலைக்கழக ஆணையின் நகலை உதவித்தொகைப் பிரிவுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பிரிவில் கொடுத்த கடிதம் அடுத்த அறைக்குத் தானாக நடந்து போகாது. ஜே.ஆர்.எஃப்.புக்கு இனிமேல்தான் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதப் போகிறீர்கள் என்றால், பொதுவான வயது உச்சவரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு.

திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் ஆய்வு மாணவி தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். நிபந்தனை இரண்டு. அந்த ஆய்வு பழைய நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ ஆய்வுக்கு நிதி தரும் அமைப்பு ஒப்புதல் தந்த புராஜெக்ட்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அங்கே செய்த பகுதிக்குப் பழைய நிறுவனத்தையும் நெறியாளரையும் உரிய முறையில் குறிப்பிட வேண்டும். தரவு மாறுவதாலேயே புதிய இடத்தில் சேர்க்கை கிடைத்ததாக ஆகாது, மற்ற விதிகளும் பொருந்த வேண்டும். ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே சமயத்தில் வழிகாட்டலாம். ஆகவே காலியிடம் உள்ள நெறியாளரின் சம்மதமே முதல் வேலை. புதிய இடத்தின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை பழைய பதிவை ரத்து செய்யாதீர்கள். வரிசையை மாற்றிச் செய்து இரண்டு இடமும் இல்லாமல் நிற்பது வேண்டாத வேதனை.

இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு 240 நாள் விதி இல்லை. வருகைப்பதிவு, தேர்வு விண்ணப்பத் தேதி போன்றவற்றில் சலுகை தந்து மகப்பேறு விடுப்பு விதிகளை வகுக்கும்படி 2021 டிசம்பரில் யு.ஜி.சி. நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் பல்கலைக்கழகம் வகுத்திருக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள்.

ஆசிரியப் பணிக்கு வந்தபின் பதவி உயர்வில் 2018 யு.ஜி.சி. விதிகள் துணை நிற்கின்றன. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பில் போன காலத்தை மதிப்பீட்டிலிருந்து விலக்கி, மீதிக் காலத்தின் செயல்பாட்டை முழுக் காலத்துக்கும் விகிதப்படி கணக்கிட வேண்டும். விடுப்பு எடுத்ததற்காகப் பதவி உயர்வில் பாதகம் வரக் கூடாது என்றும் விதியிலேயே இருக்கிறது. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் அந்த ஆண்டுக் கட்டத்தை வெற்றாக விடாமல், விடுப்பு ஆணை எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவர் ‘எதுவும் செய்யவில்லை’ என்றே எடுத்துக்கொள்வார்.

மாணவியின் விண்ணப்பத்தை மறுத்தாலோ பதிலே தராமல் இழுத்தாலோ, 2023 குறைதீர்ப்பு விதிகளின்படி நிறுவனத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் மனு கொடுக்கலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால், முடிவு கிடைத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். முத்திரை வாங்கிய அந்த நகல் இங்கேதான் வேலைக்கு வரும்.